ஆண்களுக்கான ஷாக்வேவ் சிகிச்சை: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

குதிகால் வலிக்கும் முழங்கை வலிக்கும் பிசியோதெரபி மையங்களில் வைத்திருந்த ஷாக்வேவ் மெஷின், இப்போது 'ஆண்கள் நலம்' என்று பலகை மாட்டிய இடங்களிலும் விறைப்புக் குறைவு போன்ற ஆண்களின் பிரச்சினைகளுக்கு என்று உட்கார்ந்திருக்கிறது. 'ஊசி இல்லை, மாத்திரை இல்லை, அறுவை இல்லை' என்கிற விளம்பரம் செல்போனைத் திறந்தால் வந்து நிற்கிறது. இந்த விஷயத்தை வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது. குடும்ப டாக்டரிடம் கேட்கவும் கூச்சம். அதனால் ஆண்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளையே எடுத்துக்கொண்டு, தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒரு வரி. விஷயம் அப்படி.

ஷாக் என்றால் கரண்ட் ஷாக்கா?

இல்லை. உடம்புக்குள் மின்சாரம் போவதில்லை. இது ஒலியின் ஜாதி. சாதாரண ஒலியில் அழுத்தம் மெதுவாக ஏறி இறங்கும். ஷாக்வேவ் எனும் அதிர்வலையில் நானோ விநாடிகளுக்குள் ஒரேயடியாக ஏறி, சட்டென்று விழுந்து, ஒரு கணம் எதிர்ப்பக்கம் இழுத்துவிட்டு அடங்கும். தீபாவளியன்று நமக்குப் பக்கத்தில் அணுகுண்டுப் பட்டாசு வெடித்தால் காதோடு சேர்த்து நெஞ்சிலும் ஒரு தட்டு விழுகிறதே, ஏறக்குறைய அதுதான். மெஷினின் தலைப்பகுதிக்குள் மின்பொறியோ மின்காந்தமோ வேலை செய்யலாம். உடம்புக்கு வந்து சேர்வது அந்தத் தட்டு மட்டுமே.

கிட்னி கல் உடைக்கிற அதே மெஷினா?

பரம்பரை ஒன்று, பலம் வேறு. ஜெர்மனியில் டோர்னியர் என்கிற விமானக் கம்பெனியின் பொறியாளர்கள், அதிவேக விமானத்தில் மழைத்துளி மோதினால் உலோகத்துக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மோதும் இடத்தில் தோன்றுகிற அதிர்வலை உள்ளே பயணம் செய்கிறது என்று கண்டார்கள். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால், தோலைக் கிழிக்காமல் உள்ளே போய்க் கடினமான கல்லை மட்டும் நொறுக்கலாமே என்ற யோசனை அங்கிருந்து வந்தது. 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக் நகரில் கிறிஸ்டியன் ஷௌஸி குழுவினர் முதல் நோயாளிக்கு இப்படிக் கல்லை உடைத்தார்கள். நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைத்துச் செய்த காலம் அது.

ஆணுறுப்புக்குப் பயன்படுத்துவது அதன் அடங்கிய வடிவம். கல் உடைக்கும் சக்தியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். எதையும் உடைப்பது நோக்கமல்ல. திசுவைத் தூண்டிவிடுவதுதான் நோக்கம். அதனால் 'கல் உடைச்சவங்களுக்கு நல்லா ஆயிடுச்சே, எனக்கும் ஆகும்ல?' என்ற கணக்கு இங்கே செல்லாது. கல் உடைந்ததா இல்லையா என்று ஸ்கேனில் தெரிந்துவிடும். விறைப்பு அப்படி ஸ்கேனில் தெரிகிற கல் இல்லை.

அப்படியானால் விறைப்புக்கு எப்படி உதவும் என்கிறார்கள்?

விறைப்பு என்பது அடிப்படையில் ரத்த ஓட்ட வேலை. மனத்தில் ஆசை எழுந்ததும் நரம்பு சைகை தருகிறது. ரத்தக் குழாயின் உட்சுவரும் நரம்பு முனைகளும் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடுகின்றன. குழாய்கள் தளர்ந்து ரத்தம் நிரம்புகிறது. நிரம்பிய ரத்தம் வெளியேறாமல் வால்வு போல அடைபடுகிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, புகை எல்லாம் சேர்ந்து அந்த உட்சுவரைக் கெடுத்துவிட்டால் ஓட்டம் குறைகிறது.

லேசான அதிர்வலைகள் அந்தத் திசுவைச் சற்றே உலுக்கினால், உடம்பு அதைச் சிறு காயமாக எடுத்துக்கொண்டு புது ரத்தக் குழாய்களை வளர்க்கும் பொருள்களைச் சுரக்கும் என்பது கோட்பாடு. எலிகளில் இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. மனிதர்களில் இதயத் தசைக்கு ரத்தம் போதாத நோயாளிகளிடம் முதலில் முயன்றார்கள். பிறகு 2010-இல் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் யோரம் வார்டி குழு 20 ஆண்களிடம் முயன்று, பலன் தெரிகிறது என்று எழுதியது. அந்த முறைதான் இன்று பெரும்பாலான இடங்களின் மூலப்பிரதி: உறுப்பிலும் அதன் அடிப்பகுதியிலும் ஐந்து இடங்கள், இடத்துக்கு 300 வீதம் ஒரு தடவைக்கு 1,500 அதிர்வுகள், சதுர மில்லிமீட்டருக்கு 0.09 மில்லிஜூல் சக்தி. வாரம் இரண்டு தடவை மூன்று வாரம், மூன்று வாரம் ஓய்வு, மறுபடி மூன்று வாரம். மொத்தம் 12 அமர்வுகள்.

நேரடியாகச் சொல்லுங்கள், வேலை செய்கிறதா?

சிலருக்கு, ஓரளவுக்கு, சில காலத்துக்கு. விளம்பரத்தில் விடுபட்டுப் போவது இந்த மூன்று சொற்கள்தான்.

2010 ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி சிகிச்சைக் குழு கிடையாது. விறைப்பு விஷயத்தில் இது பெரிய ஓட்டை. ஏனென்றால் நம்பிக்கையே பாதி மருந்தாக இருக்கிற நோய் இது. மெஷினின் சத்தம் மட்டும் கேட்டு அலை எதுவும் வாங்காமல் போனவர்களில்கூடக் கணிசமானோர் 'பரவாயில்லை' என்று சொல்வார்கள். வார்டி குழுவே 2012-இல் 67 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் போலித் தலைப்பகுதியை வைத்துச் சோதித்தது. உண்மையான அலை வாங்கியவர்கள் முன்னே நின்றார்கள். ஆனால் 2017-இல் டென்மார்க்கில் 126 ஆண்களிடம் வேறு வகை மெஷினை வைத்து நடத்திய ஆய்வில், போலிக்கும் அசலுக்கும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் வரவில்லை.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்குகளும் உண்டு. விறைப்பை அளக்க 30 மதிப்பெண் கொண்ட ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. அதில் போலிக் குழுவைவிட சராசரியாக 2 முதல் 4 மதிப்பெண் வரை கூடுதல் கிடைத்ததாக 2017-இல் வந்த இரண்டு தொகுப்புகள் காட்டின. இது பெரிதா சிறிதா என்பது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லேசான குறைபாடு உள்ளவர் 2 மதிப்பெண் ஏறினாலே வித்தியாசத்தை உணர்வார். நடுத்தர நிலையில் இருப்பவருக்கு 5 ஏற வேண்டும். கடுமையான நிலையில் இருப்பவருக்கு 7 ஏறினால்தான் படுக்கையில் ஏதாவது தெரியும். 3 மதிப்பெண் ஏற்றத்தை முதலாமவர் 'நல்லா ஆயிடுச்சு' என்பார். மூன்றாமவர் 'காசுக்குக் கேடு' என்பார். இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான்.

இதனால்தான் மருத்துவர் சங்கங்களும் ஒரே குரலில் பேசவில்லை. ரத்த ஓட்டக் குறைவால் வந்த லேசான குறைபாட்டுக்கும், மாத்திரை சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் முயலலாம் என்று ஐரோப்பிய யூராலஜி (சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்பு மருத்துவம்) சங்கம் சொல்கிறது. அதையும் 'பலவீனமான பரிந்துரை' என்ற வகையில்தான் வைத்திருக்கிறது. அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2018 வழிகாட்டி, இது இன்னும் ஆய்வு நிலையில் உள்ள சிகிச்சை என்றது. வட அமெரிக்காவின் பாலியல் மருத்துவச் சங்கம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆய்வுக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும், ஆய்வுக்கான அடிப்படைச் செலவுக்கு மேல் நோயாளியிடம் வாங்கக் கூடாது என்று சொன்னது.

பலன் கிடைத்தால் எவ்வளவு நாள் நிற்கும்?

இதற்கு ஹைஃபா குழுவே 2018-இல் பதில் தந்தது. தங்கள் முறையைத் தாங்களே தொடர்ந்து கவனித்து, சாதகமில்லாததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள் என்பதால் எனக்கு அதன் மேல் மரியாதை. 156 பேரில் ஒரு மாதம் கழித்து 99 பேருக்குப் பலன் இருந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்த 99-இல் 53 பேரிடம் மட்டுமே அது மிச்சம். சர்க்கரை இல்லாத, லேசான குறைபாடு உள்ளவர்களில் நான்கில் மூன்று பேரிடம் பலன் நின்றது. சர்க்கரையும் இருந்து குறைபாடும் கடுமையாக இருந்தவர்களிடம் ஒருவர் பாக்கியில்லாமல் பலன் போய்விட்டது.

எனக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையும் சரியாகக் கேட்பதில்லை. இதை எடுக்கலாமா?

முந்தைய பதிலின் கடைசி வரி உங்களுக்குத்தான். எடுக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'நிரந்தரத் தீர்வு' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாத்திரை கேட்கவில்லை என்பதையும் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். சில்டெனஃபில் (வயாக்ரா) வகை மாத்திரையைப் பிரியாணி சாப்பிட்ட கையோடு போட்டுக்கொண்டு, கால் மணி நேரத்தில் பலன் எதிர்பார்த்து, வரவில்லை என்று கைவிட்டவர்கள் ஏராளம். கொழுப்புச் சாப்பாடு அதை மெதுவாக்கும். ஒரு மணி நேரமாவது கொடுக்க வேண்டும், ஆசையும் தூண்டலும் வேண்டும், ஒன்றிரண்டு தடவையில் முடிவு கட்டக் கூடாது, அளவை டாக்டர் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். இதெல்லாம் செய்தும் கேட்கவில்லை என்றால்தான் 'கேட்கவில்லை' என்று பொருள். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இந்த வகையைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

இன்னொன்று, ஷாக்வேவை விட முக்கியம். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். இதயத்தின் குழாய் 3 முதல் 4. ஒரே அழுக்கு இரண்டிலும் படிந்தால் சின்னக் குழாய் முதலில் அடைபடும். அதனால் விறைப்புக் குறைவு என்பது சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிற இதயத்தின் எச்சரிக்கைக் கடிதமாக இருக்கலாம். 45 வயதில் விறைப்புப் பிரச்சினை என்று வருபவரிடம் ரத்தக் கொதிப்புப் பார்க்காமல், மூன்று மாதச் சர்க்கரை சராசரி பார்க்காமல், கொழுப்புப் பார்க்காமல் நேராக மெஷின் அறைக்கு அழைத்துப் போகிறார்கள் என்றால், அந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே கிழித்துப் போடுகிறார்கள்.

எனக்கு 26 வயது. அடுத்த மாதம் கல்யாணம். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி 12 சிட்டிங் எழுதியிருக்கிறார்கள்.

காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? தனியாக இருக்கும்போது இருக்கிறதா? 'இருக்கிறது' என்றால் உங்கள் குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கின்றன. பிரச்சினை பயத்தில் இருக்கிறது. பயந்தால் உடம்பு அட்ரீனலினைச் சுரக்கும், அது குழாய்களை இறுக்கும், விறைப்பு இறங்கும், 'பாத்தியா, போச்சு' என்று பயம் இரட்டிப்பாகும். இதற்கு எந்த அலையும் மருந்தாகாது. புதுக் குழாய் வளர்க்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் எதை வளர்ப்பது?

'நரம்புத் தளர்ச்சி' என்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக விற்ற சொல். கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று பதினெட்டு வயதுப் பையன்களைப் பயமுறுத்தி லேகியம் விற்றார்கள். சுய இன்பத்தால் அப்படி எதுவும் நடப்பதில்லை. லேகியம் போய் மெஷின் வந்திருக்கிறது, வியாபாரத்தின் அடித்தளம் அதே பயம்தான். உங்களுக்குத் தேவை ஒரு தடவை யூராலஜிஸ்ட், தேவைப்பட்டால் பாலியல் ஆலோசனை தெரிந்த மனநல மருத்துவர். கல்யாணத்துக்கு அப்புறம் முதல் வாரத்திலேயே எல்லாம் நடந்தாக வேண்டும் என்கிற கட்டாயத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அது போதும் பலருக்கு.

ஃபோகஸ்டு, ரேடியல் என்று இரண்டு சொல்கிறார்களே. என்ன வித்தியாசம்?

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை முதல் வகையில் நடந்தவை. தெருவில் கிடைப்பது பல இடங்களில் இரண்டாவது வகை.

ஃபோகஸ்டு என்பது அசல் அதிர்வலை. மின்பொறியோ மின்காந்தச் சுருளோ சிறப்புப் படிகங்களோ அலையை உண்டாக்கும். லென்ஸ் வெயிலைக் குவிக்கிற மாதிரி அலை உள்ளே ஒரு புள்ளியில் குவியும். தோலின் மேல் லேசாக இருக்கும், ஆழத்தில் பலமாக இருக்கும்.

ரேடியல் என்பது காற்றுத் துப்பாக்கி. ஏர் கம்ப்ரஸர் ஒரு சின்ன உலோகக் குண்டைக் குழலுக்குள் ஓட விடுகிறது. அது முனையில் போய் இடிக்கிறது. அந்த இடி தோல் வழியாகப் பரவுகிறது. தோலில்தான் அதன் முழு பலம், உள்ளே போகப் போகக் கரைந்துவிடும். அதன் அழுத்தம் அசல் அதிர்வலையைவிடப் பல மடங்கு குறைவு, ஏறுகிற வேகமும் குறைவு. இயற்பியல்படி அதை அதிர்வலை என்று சொல்வதே தப்பு. அழுத்த அலை என்று சொல்லலாம். குதிகால் வலிக்கு நல்ல கருவிதான், அதைக் குறை சொல்லவில்லை. ஃபோகஸ்டு மெஷினில் வந்த ஆய்வு முடிவைச் சுவரில் மாட்டிவிட்டு ரேடியல் மெஷினை ஓட்டுவதுதான் தவறு. அமெரிக்காவில் ரேடியல் கருவிகள் குறைந்த அபாய வகையில் வருவதால் டாக்டரே இல்லாத இடங்களிலும் அவை புழங்குகின்றன.

அடையாளம் காண ஒரு வழி: திரையில் சக்தியை 'பார்' (bar) என்கிற அழுத்த அலகில் காட்டினால் அநேகமாக ரேடியல். சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை மில்லிஜூல் என்று காட்டினால் அநேகமாக ஃபோகஸ்டு. முனை மெத்தென்று தண்ணீர்ப் பை போல இருந்தால் ஃபோகஸ்டு. கெட்டியான உலோகத் தலை 'டக டக' என்று அடித்தால் ரேடியல். இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் சிகிச்சை வேண்டாம்.

வலிக்குமா? மயக்க மருந்து கொடுப்பார்களா?

மயக்கம் தேவையில்லை. ஜெல் தடவி முனையை வைப்பார்கள், சுண்டுவது போல இருக்கும், 15–20 நிமிடத்தில் முடிந்துவிடும். அப்படியே பைக் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சிலருக்குச் சிவக்கும், அபூர்வமாக ரத்தம் கட்டும். பாதுகாப்பு விஷயத்தில் இதன் மேல் பெரிய புகார் கிடையாது. புகார் எல்லாம் பலன் பற்றியும் பில் பற்றியும்தான்.

யார் எடுக்கக் கூடாது?

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள், ரத்தக் கசிவு நோய் உள்ளவர்கள், அந்தப் பகுதியில் புண், தொற்று, புற்றுநோய் உள்ளவர்கள், ஏற்கெனவே உறுப்பில் செயற்கை உள்வைப்புப் பொருத்தியவர்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உறுப்பு வளைந்துவிட்டது. ஷாக்வேவ் நேராக்கும் என்கிறார்கள்.

நேராக்காது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

இந்த நோய்க்குப் பெய்ரோனி என்று பெயர், 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் அறுவை மருத்துவர் பெயரால் வந்தது. உறுப்பின் உறைக்குள் தழும்பு போலக் கெட்டி விழும். விறைக்கும்போது அந்தப் பக்கம் நீளாததால் வளையும். தழும்பும் கல் மாதிரிதானே, கல்லை உடைத்த மெஷின் இதையும் உடைக்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். சோதித்துப் பார்த்தார்கள், உடையவில்லை. அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2015 வழிகாட்டி, வளைவைக் குறைக்கவோ கெட்டியைக் கரைக்கவோ இதைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஐரோப்பியர்களும் அதையே சொல்கிறார்கள்.

ஒரே ஒரு வேலைக்கு ஒப்புக்கொள்கிறார்கள்: வலி. நோயின் முதல் கட்டத்தில், விறைக்கும்போது வலி உயிர் போகிற சமயத்தில், அதைக் குறைக்க இது உதவலாம். 2009-இல் இத்தாலியில் 100 பேரிடம் நடத்திய ஆய்வில் வலி குறைந்தது. ஆனால் அந்த வலி பெரும்பாலானவர்களுக்குக் காலப்போக்கில் தானாகவே அடங்குகிற வலி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வளைவு நின்றுபோய், உறவுக்கே இடைஞ்சல் என்றால் வழி அறுவை. இழுவைக் கருவி, தழும்புக்குள் போடும் ஊசி போன்றவை அதற்கு முந்தைய படிகள். 'பத்து சிட்டிங்கில் நேராகும்' என்பவரிடம் எத்தனை டிகிரி குறையும், எழுதித் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கீழே, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் மாதக் கணக்கில் வலி. ஆன்டிபயாடிக் நாலு கோர்ஸ் முடித்துவிட்டேன்.

இந்தப் பக்கத்தில் ஷாக்வேவுக்குக் கொஞ்சம் தைரியமாக ஆதரவு சொல்லக்கூடிய ஒரே இடம் இதுதான். வேடிக்கை என்னவென்றால் இதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. விறைப்பில் இருக்கிற காசு வலியில் இல்லை போலும்.

உங்களுக்கு 'புராஸ்டேட் வீக்கம், தொற்று' என்று எழுதியிருப்பார்கள். இந்த நாள்பட்ட இடுப்பு வலியில் பெரும்பாலானோருக்குக் கிருமியே இருப்பதில்லை. சிறுநீர் கல்ச்சரில் ஒன்றும் வளராது. ஆனாலும் ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறது. இடுப்புத் தளத் தசைகளின் இறுக்கம், நரம்பின் அதீத உணர்ச்சி, மன அழுத்தம் எல்லாம் கலந்த வலி இது. நாற்காலியில் மணிக்கணக்கில் உட்காரும் வேலை செய்பவர்கள், உட்கார்ந்தால் வலி கூடுகிறது என்று அதிகம் சொல்வார்கள்.

2009-இல் ஜெர்மனியில் 60 ஆண்களைப் பிரித்து, வாரம் ஒரு தடவை வீதம் நான்கு வாரம், தடவைக்கு 3,000 அதிர்வுகள் கொடுத்துப் பார்த்தார்கள். போலி சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களின் வலியும் சிறுநீர்த் தொல்லையும் நன்றாகக் குறைந்தன. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, இந்த வலிக்கு ஷாக்வேவ் உதவக்கூடும், பக்கவிளைவு கூடுவதாகத் தெரியவில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2018 மதிப்பாய்வு எழுதியது. எல்லாரிடமும் நிற்கும் என்றில்லை. இடுப்புத் தளப் பிசியோதெரபி, வெந்நீரில் உட்காருதல், தேவையான மருந்து எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு கையாக இதை வைத்துக்கொள்ளலாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீரில் ரத்தம் இருந்தால் இது வேறு நோய். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

உறுப்பு பெரிதாகுமா? விந்து சீக்கிரம் வருவது சரியாகுமா? குழந்தை?

ஆகாது. நிரூபணம் கிடையாது. சம்பந்தமே இல்லை.

கிட்னி கல்லை ஷாக்வேவில் உடைத்தால் ஆண்மை போய்விடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்.

அலை குறிவைப்பது விலாவுக்குக் கீழே உள்ள சிறுநீரகத்தை. விறைப்புக்கான குழாய்களும் நரம்புகளும் அந்தப் பாதையில் இல்லை. ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், துண்டுகள் இறங்கும்போது வலிக்கும். கல் சிறுநீர்க் குழாயின் அடிப்பகுதியில் இருந்து அங்கே உடைத்திருந்தால் சில நாள் விந்தில் ரத்தச் சாயல் தெரியலாம், அதுவும் போய்விடும். வாழைத்தண்டு சாற்றைக் குடித்துக்கொண்டு பெரிய கல்லை வருடக்கணக்கில் கிட்னிக்குள் வைத்திருப்பதுதான் உண்மையில் பயப்பட வேண்டியது.

புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை செய்தபின் விறைப்பு இல்லை. இது மீட்டுத் தருமா?

அறுவையில் நரம்பு அடிபட்டதால் வந்த குறைவு இது; ரத்தக் குழாயை மட்டும் தூண்டி மீட்கிற விஷயம் அல்ல. சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன, நம்பிப் பணம் கட்டுகிற அளவுக்கு இல்லை. உங்கள் அறுவை மருத்துவரிடம் மாத்திரை, பம்ப், ஊசி பற்றிச் சீக்கிரமே பேசத் தொடங்குங்கள்.

இவ்வளவு விளம்பரம் வருகிறதே, சட்டம் எதுவும் இல்லையா?

இருக்கிறது, 1954-இலிருந்து. மருந்துகள், மாய நிவாரணங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் மத்தியச் சட்டம் அது. அதன் பட்டியலில் சர்க்கரை நோயும் ஆண்மைக் குறைவும் இருக்கின்றன. பாலின்பத் திறனைக் கூட்டும் என்று மருந்தை விளம்பரம் செய்வதையும் அது தடுக்கிறது. டாக்டர்கள் விளம்பரம் செய்து நோயாளிகளைத் தேடக் கூடாது என்று 2002-இன் மருத்துவ நெறிமுறை விதிகளும் சொல்கின்றன.

பழைய வாரப் பத்திரிகைகளில், இத்தனாம் தேதி இந்த ஊர், இந்த லாட்ஜ் என்று முகாம் போட்டு வருகிற வைத்தியர்களின் விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அப்போதும் இந்தச் சட்டம் இருந்தது.

எவ்வளவு செலவாகும்? என்ன கேட்டுவிட்டுக் கட்டலாம்?

ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்கப் பெருநகரங்களில் ஆய்வாளர்கள் 152 கிளினிக்குகளை விசாரித்துப் பார்த்தபோது, ஒரு முழுச் சுற்றுக்குச் சராசரி 3,300 டாலருக்கு மேல் சொன்னார்கள். செய்பவர்களில் யூராலஜிஸ்டுகள் நாலில் ஒரு பங்குதான். நம் பக்கம் ஒரு சிட்டிங் விலையை மட்டும் சொல்லி அழைப்பார்கள். மொத்தம் எத்தனை சிட்டிங், மொத்தம் எவ்வளவு, பாதியில் நிறுத்தினால் மிச்சம் திரும்புமா என்று எழுதி வாங்குங்கள். 'இன்னைக்கே புக் பண்ணினா பாதி விலை' என்று மருத்துவமனை பேசினால் அது மருத்துவமனை அல்ல, ஆடித் தள்ளுபடி.

பார்ப்பவர் யார், அவர் என்ன படித்தார் என்று கேளுங்கள். சிகிச்சைக்கு முன் விறைப்பை அளக்கும் அந்த 30 மதிப்பெண் கேள்வித்தாளைக் கொடுத்து மதிப்பெண் குறித்துவைத்தார்களா என்று பாருங்கள். குறிக்காமல் விட்டால் பிறகு ஏறியதா இறங்கியதா என்பது அவர்கள் வாய்ச்சொல்தான். உறுப்பின் ரத்த ஓட்டத்துக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்களா? நீங்கள் எடுக்கிற ரத்தக் கொதிப்பு, மனச்சோர்வு, முடி உதிர்வு மாத்திரைகளைக் கேட்டார்களா? அவற்றில் சிலவே விறைப்பைக் குறைக்கும். மருந்தை மாற்றினால் போகக்கூடிய பிரச்சினைக்கு மெஷின் எதற்கு?

ஏற்கெனவே 12 சிட்டிங் முடித்துவிட்டேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு சுற்று போடச் சொல்கிறார்கள்.

முடித்து ஒரு மாதம், மிஞ்சினால் மூன்று மாதம் வரை பார்க்கலாம். புதுக் குழாய் வளர்வது என்பது கோட்பாடானால் அதற்கு நேரம் வேண்டும் அல்லவா. அதற்கும் மேல் மாற்றம் இல்லையென்றால் அதே மெஷினில் அதே இடத்தில் மறு சுற்றுக்குப் பணம் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அதோடு கதவு மூடிவிடவில்லை. வெற்றிடப் பம்ப் இருக்கிறது. பார்க்கக் கொஞ்சம் சங்கடமான கருவி, ஆனால் வயதானவர்கள் பலருக்கு அது ஒத்துப்போகிறது. உறவுக்கு முன் உறுப்பின் பக்கவாட்டில் தாமே போட்டுக்கொள்ளும் ஊசி இருக்கிறது. முதல் தடவை டாக்டர் முன்னால் போட்டு அளவைக் கண்டுபிடிக்க வேண்டும், விறைப்பு நாலு மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டால் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். எதுவும் கேட்காத சர்க்கரை நோயாளிகளுக்கு உள்வைப்பு அறுவை இருக்கிறது. போகும்போது பழைய பில்களோடு, எந்த மெஷின், எத்தனை அதிர்வு, என்ன சக்தி என்ற விவரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அடுத்துப் பார்க்கிற யூராலஜிஸ்டுக்கு அது உதவும். அந்த விவரத்தைத் தர மறுத்தால், அதையும் அவரிடம் சொல்லுங்கள்.